காப்பு அவிழும் வரை

குமரேசன் அறிய, சுங்கை பெசாரிலிருந்து உன் அப்பா எழுதுவது. உன் கடிதம் வந்தது. உன் அம்மா ஒருமுறை படித்துவிட்டு அழுதாள். நான் இரண்டு முறை படித்தேன், அழவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்ததையும் ரவாங்கில் மண்டபம் பேசியதையும் எழுதியிருக்கிறாய். மனம் நிறைந்தது. அதற்குக் கீழே, வேறு மையில், ஒரு நாள் யோசித்த பிறகு எழுதியது போல இரண்டு வேண்டுகோள்கள் வைத்திருக்கிறாய். பெண்ணின் அப்பா நம் எஸ்டேட் சங்கதியை யாரிடமோ கேள்விப்பட்டிருக்கிறார். அவர் விசாரித்தால், "அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது, தெரியாமல் நடந்துவிட்டது" என்று நான் சொல்ல வேண்டும். உன் தாய்மாமன் தங்கராசு தன் இடது கையைத் துண்டால் மூடிக்கொள்வான், யாராவது கேட்டால் அந்த விரல்கள் நெல் ஆலை இயந்திரத்தில் போனதாக நாம் எல்லோரும் சொல்ல வேண்டும். "ஒரு வார்த்தைதானேப்பா" என்று முடித்திருக்கிறாய். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பக்கம் பதில் எழுதுகிறேன். இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதே. படித்ததும் உன் மாமனாராக வரப்போகிறவரிடம் கொடு. அவர் பெரிய எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கடையில் சாமான் கட்டித் தரும் பழைய பத்திரிகைத் தாளைப் படித்துப் படித்தே எழுத்துக் கற்றவன். பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நீ ஐந்தாம் பாரம் படித்த வருடம் அது. உனக்குப் பரீட்சை மட்டும்தான் நினைவிருக்கும். எனக்கு என் தோள்தான் நினைவிருக்கிறது. ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட பிறகு நான் குலை வெட்டும் வேலையில் இருந்தேன். நீளமான கம்பில் கத்தியைக் கட்டி, அண்ணாந்து பார்த்து வெட்ட வேண்டும். ஒருநாள் குலை விழுந்த வேகத்தில் கம்பு திரும்பி அடித்து என் வலது தோள் பிசகிவிட்டது. எஸ்டேட் மருந்துக்காரர் தடவிக் கட்டினார். வலி போகவில்லை. துரை என்னைப் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் போட்டார். அதில் என்னைத் தவிர எல்லோரும் பெண்கள். "பூசாரி, இனி நீ பொம்பளைங்க வரிசையில நில்லு லா" என்று எங்களை மேய்க்கும் மண்டோர், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். சிரித்தவர்களின் பெயர்கள் எனக்கு இன்றும் தெரியும், எழுத மாட்டேன். சம்பளம் குறைந்தது பெரிதில்லை. நான் எஸ்டேட் மாரியம்மனுக்குப் பூசாரி, வருடா வருடம் கரகம் தூக்குகிறவன். தோள் போனவன் கரகம் தூக்க முடியாது, இந்த வருடம் மண்டோரின் மைத்துனன் தூக்கட்டும் என்று கோயில் கமிட்டியில் பேச்சு எழுந்தது. நாற்பத்தேழு வயதில் ஒருவனிடமிருந்து வேலையையும் சாமியையும் ஒரே மாதத்தில் பிடுங்குவது என்னவென்று நீ அந்த வயதுக்கு வரும்போது புரிந்துகொள்வாய். வராமலே இருக்கட்டும்.

அப்படி இருந்தபோதுதான் அவன் வந்தான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் வெள்ளிக்கிழமை, காலை பஸ்ஸில் இறங்கி, சாலையிலிருந்து கோயில்வரை நடந்து வந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், நல்ல உடற்கட்டு. பெயர் செல்வம் என்றான். வேறு பெயர்களும் இருந்தன என்று பிறகு தெரிந்தது. கிள்ளானில் துறைமுக வேலை செய்ததாகவும், மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல் இருப்பதாகவும் சொன்னான். யாரும் கேட்காமலே தண்ணீர் இறைத்தான், பந்தலுக்கு மூங்கில் சுமந்தான், தீக்குழிக்கு விறகு பிளந்தான். மதியம் நான் கையைத் தூக்க முடியாமல் சூலத்துக்கு மஞ்சள் பூசுவதைப் பார்த்துவிட்டு, என் பின்னால் வந்து நின்று, "ஐயா, உக்காருங்க" என்று சொல்லி, நல்லெண்ணெயைச் சூடாக்கித் தோளை நீவிவிட்டான். "இந்தத் தோள் கரகம் தூக்கும். நீங்க தூக்குங்க, நான் பின்னால நிக்கிறேன். சாஞ்சா புடிச்சுக்கிறேன்" என்றான். பல மாதங்களாக அந்த எஸ்டேட்டில் என்னை யாரும் ஐயா என்று அழைத்திருக்கவில்லை. மகனே, பணத்தைக் காட்டி ஆளை மயக்குகிறவனை அடையாளம் கண்டுகொள்ளலாம். மரியாதையைக் காட்டுகிறவனை அடையாளம் காண்பது கடினம், அதுவும் நாம் மரியாதைக்குப் பசித்துக் கிடக்கும்போது. இதை மட்டும் ஒரு புத்திமதியாக வைத்துக்கொள்.

சாயங்காலம் காப்புக் கட்டும்போது அவனும் வரிசையில் வந்து கையை நீட்டினான். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து மணிக்கட்டில் கட்டுவது உன் மாமனாருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நம் எஸ்டேட்டின் கட்டுப்பாடு அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆகவே எழுதுகிறேன். காப்புக் கட்டியவர்கள் தீ மிதித்து, கோயிலில் அதை அவிழ்க்கும் வரை எஸ்டேட் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. காப்புக் கட்டியவன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது, அவனும் யார் மேலும் கை வைக்கக் கூடாது. வெளியூர்க்காரன் என்றாலும் அந்த நாள்களுக்கு அவன் ஆத்தாளின் பிள்ளை, அவனைத் துரத்தக் கூடாது. கட்டிய பூசாரிதான் அவிழ்க்க வேண்டும். இதை நான் உண்டாக்கவில்லை. எனக்கு முன் இருந்த பூசாரியும் அவருக்கு முன் கப்பலில் வந்தவர்களும் காத்தது. அன்று அவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் கட்டினேன். உன் வார்த்தை அந்த வெள்ளிக்கிழமைக்கு மட்டும் பொருந்தும்.

செவ்வாய்க்கிழமை மதியம், குலை ஏற்ற வந்த ஒரு லோரி கோயில் பக்கம் நின்றது. ஓட்டுநர் கிள்ளான்காரர். அவரைக் கண்டதும் செல்வம் விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். லோரி போகும் வரை எழுந்திருக்கவில்லை. நான் கால்வாய்க் கரைக்கு அவனைக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவன் மழுப்பவில்லை.

"ஒருத்தன வெட்டிட்டேன் ஐயா. எங்க கூட்டத்து ஆளுங்க சொன்னாங்க, வெட்டினேன். அவன் பொழச்சானா செத்தானான்னு தெரியாது."

"வேண்டுதல்னு சொன்னியே?"

"அதுவும் உண்மைதான். புடிபடாம இருக்கணும்னு வேண்டுதல்."

அந்தக் கரையில் நின்று நான் சொன்னது இது: "காப்பு இருக்கிற வரைக்கும் ஒன்னை நான் யார் கையிலயும் குடுக்க மாட்டேன். தீ மிதிச்சு, காப்பு அவிழ்த்ததும், நீயும் நானும் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே போறோம். ஒத்துக்கிறியா?"

அவன் குனிந்து என் காலைத் தொட்டான். "சரிங்கய்யா" என்றான். நிமிர்ந்தபோது அதே மெல்லிய குரலில் ஒன்று கேட்டான். "தம்பி சபாக் பஸ்லதான ஸ்கூல்லேர்ந்து வருது? நல்ல புள்ள. நேத்து எனக்கு வணக்கம் சொல்லுச்சு."

இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்வதும் நீ என்னை மன்னிக்க ஒரு காரணம் கிடைக்கட்டும் என்பதற்காக இல்லை. உனக்கு ஆபத்து வரும் என்று பயந்துதான் அப்பா வாயைத் திறக்கவில்லை என்று நீ மனதுக்குள் ஒரு கதை கட்டிக்கொள்வாய், அது உனக்குச் சௌகரியமாக இருக்கும். அது உண்மை இல்லை. பயம் வந்தது. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்பதற்கு முன்பே நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவன் மிரட்டாமலே இருந்திருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன்.

உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "ஆத்தாள ஆத்தாளே பாத்துக்குவா. எம்புள்ளய நான் பாத்துக்கிறேன்" என்றாள். அடுத்த நாளே பரீட்சைக்குப் படிக்க வசதி என்று சொல்லி உன்னைச் சுங்கை பெசாருக்குத் தன் தம்பி தங்கராசு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தீமிதி பார்க்க விடவில்லை என்று நீ அவளோடு பேசாமல் போனாய். தங்கராசு மடையன் இல்லை. திருவிழா நேரத்தில் பூசாரி மகனை ஏன் வெளியே அனுப்புகிறாய் என்று அக்காளைப் பிடித்துக் கேட்டிருக்கிறான். அவள் சொல்லிவிட்டாள். அவன் தான் ஓட்டிய நெல் லோரியை ஓரங்கட்டிவிட்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனான். எனக்கு அவன்மேல் இத்தனை வருடமாக இருக்கும் கோபம் இதுதான்: போலீசுக்குப் போனது தப்பு என்று நான் சொல்லவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனான்.

ஞாயிறு சாயங்காலம் கால்வாய்க் கரையில் கரகம் சோடித்து, அதை என் தலையில் வைத்தார்கள். கமிட்டிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். தோள் தாங்கியது. செல்வம் சொன்னபடி பின்னால் நின்றான். கரையெங்கும் மஞ்சள் வேட்டி, மஞ்சள் பூசிய உடம்பு, யார் யாரென்று அடையாளம் தெரியாத கூட்டம். அப்போதுதான் போலீஸ் வந்தது. கூடவே தங்கராசு. அவன் செல்வத்தை முன்பின் பார்த்ததில்லை. போலீஸ் சார்ஜன் வருடா வருடம் நம் திருவிழாவுக்குக் காவலுக்கு வந்து, கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் போகும் மலாய்க்காரர், நல்ல மனிதர். என் அருகில் வந்து தணிந்த குரலில் மலாயில் பேசினார்.

"பூசாரி, அவன் இங்கே இருக்கிறானா?"

"இருக்கிறான்."

"எவன்?"

"தீ மிதித்து முடியட்டும். நானே கூட்டி வருகிறேன். என் சாமி மேல் சத்தியம்."

"உன் சாமியை நான் ஒன்றும் செய்யவில்லை. நீ பேசக்கூட வேண்டாம். விரலை மட்டும் நீட்டு."

நான் நீட்டவில்லை. ஒரு கை கரகத்தைப் பிடித்திருந்தது. மறு கை சும்மாதான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் தங்கராசு என் முகத்துக்கு நேரே வந்து, "மச்சான், அக்கா தலையில அடிச்சுக்கிட்டு அழுவுது. காட்டுங்க" என்றான். நான் அவனைப் பார்த்தேன், பதில் சொல்லவில்லை. அந்த நேரம் செல்வத்துக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் பின்னால் கூட்டம் விலகும் சத்தம் கேட்டது. திரும்பினால் கரகம் சாயும், திரும்பவில்லை. செம்பனை வரிசைக்குள் ஒருவன் ஓடினான், தங்கராசு போலீசுக்கு முன்னால் பாய்ந்து துரத்தினான். விறகு பிளந்த பாராங்கத்தி ஓடியவனிடம் இருந்தது. தங்கராசு அவனைப் பிடித்தேவிட்டான். பிடித்த கையில் இரண்டு விரல்கள் போயின. செல்வம் தப்பிவிட்டான். வெகுநாள் கழித்து வடக்கே எங்கோ பிடிபட்டதாகக் கேள்வி.

கரகத்தை மண்டோரின் மைத்துனன் தலைக்கு மாற்றினார்கள். என்னைக் கொண்டுபோனார்கள். லாக்கப்பில் கயிறு, பெல்ட் எதையும் விடமாட்டார்கள், அது அவர்கள் சட்டம். என் காப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒரு தட்டில் போட்டார்கள். சில நாள்களில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். உன் மாமனாருக்குச் சொல்: நான் இருந்தது லாக்கப்பில், ஜெயிலில் அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அவருக்கு யார் சொன்னார்களோ அவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் வெளியே வந்தபோது தங்கராசு வாசலில் நின்றான். இடது கை முழுதும் கட்டு. வலது கையை விரித்துக் காட்டினான். அதில் ஒரு மஞ்சள் கயிறு, கிழங்கோடு.

"இந்தாங்க மச்சான், ஒங்க காப்பு. தீக்குழி விறகுக் குவியல் கிட்ட கெடந்துச்சு. போலீஸ் வர்றதுக்கு முன்னாலயே அறுத்துப் போட்டிருக்கான்."

நான் வாங்கிப் பார்த்தேன். முடிச்சு என் முடிச்சுதான். கயிறு கத்தியால் அறுபட்டிருந்தது.

"நீங்க ஒரு விரல நீட்டியிருந்தா என் ரெண்டு விரல் போயிருக்காது" என்றான். அவ்வளவுதான். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். எஸ்டேட் வேலை போனது, வேலையோடு தொழிலாளர் லயத்து வீடும் போனது. சாமான்களை ஏற்றும்போது வரிசையில் இருந்த ஒரு கதவும் திறக்கவில்லை. அத்தனை பேரும் என் கையால் விபூதி வாங்கியவர்கள். நீ பரீட்சையை அந்த அலங்கோலத்தில் எழுதினாய், ஆறாம் பாரம் போகாமல் ரவாங் தொழிற்சாலைக்குப் போனாய். நானும் உன் அம்மாவும் சுங்கை பெசாருக்கு வந்தோம், பக்கத்துச் சுங்கை புரோங்கில் நான் நெல் மூட்டை தூக்கினேன், இந்தத் தோளோடு. இடது கையால் கியர் பிடிக்க முடியாமல் தங்கராசு லோரியை விட்டான், பஸ் நிலையத்துக்கு எதிரே தேநீர்க்கடை போட்டான். ஒரே ஊரில் இருந்துகொண்டு நான் அந்தப் பக்கத்து நடைபாதையில் போனதில்லை. இது பிடிவாதம் என்று உன் அம்மா சொல்வாள். ஆமாம், பிடிவாதம்தான். "அவன் அறுத்த கயிற்றுக்காகவா நீங்கள் எல்லாவற்றையும் இழந்தீர்கள்" என்று நீ ஒருமுறை என்னிடம் கேட்டாய். அவன் அறுத்தான், நான் அறுக்கவில்லை. எனக்கு அன்றும் இன்றும் இருக்கும் பதில் அதுதான். அது போதாத பதில் என்று உனக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒன்று எனக்கு உறைத்தது. தெரியாமல் நடந்தது என்று நான் சொன்னால் என் பெயர் சுத்தமாகிவிடும். தங்கராசின் விரல்கள் என்ன ஆகும்? அவை நெல் ஆலையில் விழுந்தவை ஆகிவிடும். எனக்குத் தெரிந்திருந்தது, காட்டவில்லை, ஆகவே அவன் துரத்த வேண்டியிருந்தது. அதுதான் நடந்தது. ஒருவன் தன் அக்காள் மகனுக்காக வெறுங்கையோடு கத்திக்கு முன் போனதை, இயந்திரத்தில் கைவிட்ட கவனக்குறைவு என்று சொல்லச் சொல்கிறாய். என் வாக்கை நான் காத்தேன், அதற்கு விலையை அவன் கொடுத்தான். அந்த விலையையும் அவனிடமிருந்து பிடுங்கினால், என்னைப் பெரட்டில் வைத்துச் சிரித்தவர்களைவிட நான் கீழானவன்.

அதனால் போன திங்கட்கிழமை அவன் கடைக்குப் போனேன். மதிய பஸ் போன பிறகு, கூட்டம் இல்லாத நேரம். அவன் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேநீர் ஆற்றினான். மூன்று விரலால் குவளையைப் பிடித்து ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றுகிறான்.

"மூடிக்கப் போறியாமே மாப்ள?"

"என்னத்த?"

"கைய."

"பையனுக்காக மச்சான். அவன்தான் கேட்டான்."

"மூடாத."

அவன் குவளையை என் முன்னால் வைத்தான். "அப்ப நீங்க கிராணிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்தத."

"அப்புறம் கல்யாணம் நின்னுரும் லா" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நின்றால் நிற்கட்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. உன் கல்யாணம் நிற்பதை நான் விரும்பவில்லை, குமரேசா. அந்தப் பெண்ணின் படத்தை உன் அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். விரும்பவில்லை என்பதற்காகப் பொய் சொல்லவும் முடியவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன். அவன் குவளையை எடுக்கும்போது, "அன்னிக்கு உன் மொகத்தப் பார்த்துக்கிட்டேதான் பேசாம நின்னேன். அதுக்கு நான் பதில் சொல்லணும்" என்றேன். "இப்ப சொல்லிட்டீங்கல்ல, விடுங்க" என்று ஈரத்துணியால் மேசையைத் துடைத்தான். அடுத்த பஸ் வந்துவிட்டது.

ஆகவே என் பதில் இது. மண்டபத்துக்கு நானும் உன் அம்மாவும் வருகிறோம். உன் மாமனார் கேட்டால், கேட்காவிட்டாலும், அவரைத் தனியே அழைத்துச் சொல்வேன்: தெரியாமல் கட்டினேன், தெரிந்துதான் காட்டாமல் நின்றேன், அதற்கு என் மைத்துனன் இரண்டு விரல் கொடுத்தான். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்கும்போது துண்டு போடாமல் அந்தக் கை வெளியே தெரியட்டும். யாராவது அதைப் பார்த்து முகம் சுளித்தால் அதற்குப் பதில் சொல்ல அவன் பக்கத்தில் நான் நிற்பேன். இதற்கு அந்த வீட்டில் இடமில்லை என்றால் எனக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பாதே. நான் வராமல் இருந்துவிடுகிறேன், உன்மேல் வருத்தம் இருக்காது, அட்சதையைத் தபாலில் அனுப்புகிறேன். ஆனால் நான் வராவிட்டாலும் தங்கராசைக் கையை மூடச் சொல்லாதே. முதலில் அவனுக்குப் பத்திரிகை வை. கடைக்கு நேரில் போய், அந்தக் கையிலேயே கொடு.

உன் அப்பா.